மருதாணி, அவுரி, இரும்புச்சட்டி: தலைமுடி கலர் பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல "நரைக்கு மருதாணி போடறவங்க சந்தேகம் இருந்தா எழுதுங்க"ன்னு ஒரு வரி போட்டிருந்தோம், அதுக்கு வந்த லெட்டர்ல பாதி ஒரே கேள்விதான். அதனால சிலதை ஒண்ணா சேர்த்துட்டேன், பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டதால ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

திருப்பூர் வாசகி: மேடம், யாரோ சொன்னாங்கன்னு மருதாணிப் பொடி, அவுரிப் பொடி, டீ டிகாக்‌ஷன், காபித்தூள், பீட்ரூட் சாறு, தயிர், ஒரு முட்டை, அரை எலுமிச்சை எல்லாத்தையும் இரும்புச்சட்டில போட்டு ராத்திரி பூரா ஊறவெச்சு காலைல தலைக்குப் போட்டேன். பேஸ்ட் நல்லா கருகருன்னு இருந்துச்சு. ஆனா அலசிப் பார்த்தா நரை இருந்த இடமெல்லாம் ஆரஞ்சா பளபளன்னு நிக்குது. இன்னும் என்ன சேர்த்திருக்கணும்?

சேர்க்கறதுக்கு ஒண்ணும் இல்லங்க, எடுக்கறதுக்குத்தான் நிறைய இருக்கு. நீங்க சொன்ன லிஸ்ட்ல முடிக்கு கலர் கொடுக்கறது ரெண்டே ரெண்டுதான், மருதாணியும் அவுரியும் (நீலச் சாயம் எடுக்கற இண்டிகோ இலை). மிச்சமெல்லாம் வாசனைக்கு, மிருதுக்கு, இல்லேன்னா நம்ம மனசு திருப்திக்கு. அதுலயும் அந்த ரெண்டுக்கும் ஒண்ணுக்கொண்ணு ஆகாது, ஒண்ணுக்கு புளிப்பு ஒத்துக்கும், நேரம் வேணும், இன்னொண்ணுக்கு புளிப்பும் ஆகாது நேரமும் ஆகாது.

மருதாணி இலையில லாசோன்னு ஒரு சாயம் இருக்கு, அது நம்ம முடியில இருக்கிற கெரட்டின்ங்கிற புரோட்டீனைப் போய் பிடிச்சுக்கும், அப்புறம் எத்தனை தடவை அலசினாலும் சீக்கிரம் போகாது. இப்ப யோசிங்க, முட்டை என்ன? புரோட்டீன். தயிர் என்ன? அதுவும் புரோட்டீன். சாயம் கிண்ணத்துல இருக்கிற முட்டையையே பிடிச்சு உட்கார்ந்துடும், உங்க முடிக்கு மிச்சம் மீதிதான் வரும். பீட்ரூட் கலர் தண்ணில கரையற கலர், முதல் அலசல்லயே பாத்ரூம் தரைக்குப் போயிடும். காபியும் அப்படித்தான். டீ டிகாக்‌ஷன் பரவாயில்ல, தண்ணிக்கு பதிலா ஊத்திக் கலக்கலாம், கெடுதல் இல்ல.

இரும்புச்சட்டி விஷயம்தான் நிறைய பேரை ஏமாத்தறது. டீயிலயும் நெல்லிக்காயிலயும் துவர்ப்பு இருக்கில்லையா, அந்த டானினும் இரும்பும் சேர்ந்தா கருப்பா மாறும், அந்தக் காலத்துல பேனா மையே இப்படித்தான் தயார் பண்ணாங்க. அதனால காலைல மூடியைத் திறந்தா பேஸ்ட் மையாட்டம் இருக்கும். பேஸ்ட் கருப்பா இருக்குங்கறதுக்காக முடி கருப்பாகாது, ஆரஞ்சு கொஞ்சம் மங்கி பழுப்பு பக்கம் போகும், அவ்ளோதான் அதோட சக்தி. சட்டி இருந்தா யூஸ் பண்ணுங்க, இல்லாதவங்க இதுக்காகவே ஒண்ணு வாங்கணும்னு அவசியம் இல்ல.

அடுத்தது அவுரி. இலைக்குள்ள நீலம் நேரடியா நீலமா உட்கார்ந்திருக்காது. வெதுவெதுப்பான தண்ணி பட்டதும் இலையில இருக்கிற என்சைம் வேலை செஞ்சு நீலத்துக்கு முந்தின நிலையில ஒரு பொருளை வெளிய விடும், அது முடிக்குள்ள புகுந்தப்புறம்தான் காத்து பட்டு நீலமா மாறணும். நீங்க ராத்திரி பூரா ஊறவெச்சதுல அது சட்டியிலயே நீலமாகி செத்துப்போச்சு, அதுக்கப்புறம் அது முடிக்குள்ள போகாது. போதாக்குறைக்கு எலுமிச்சை வேற. ஆகமொத்தம் உங்க தலைல வேலை செஞ்சது மருதாணி மட்டும், மருதாணி மட்டும்னா வெள்ளை முடி ஆரஞ்சுதான் ஆகும், அதுல அதிசயம் ஒண்ணும் இல்ல.

கருப்பு வேணும்னா ரெண்டு வேலையா பிரிச்சுடுங்க. முதல்ல தலையில எண்ணெயோ கண்டிஷனரோ இல்லாம ஷாம்பூ போட்டு அலசி காயவிடுங்க, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா சாயம் ஒட்டாது. தோள் வரைக்கும் முடி இருக்கிறவங்களுக்கு 100 கிராம் மருதாணிப் பொடி போதும், அடர்த்தின்னா 150, இடுப்பு வரைக்கும்னா அதுக்கு டபுள். டீ டிகாக்‌ஷனோ வெறும் தண்ணியோ ஊத்தி இட்லி மாவு பதத்துல கலக்கி மூடி வையுங்க. நம்ம ஊர் வெயில்ல மூணு நாலு மணி நேரத்துல சாயம் இறங்கிடும், குளிர்காலம்னா ராத்திரி கலக்கி காலைல எடுங்க. ரெடியா இல்லையான்னு தெரிய ஒரு பொட்டு எடுத்து உள்ளங்கையில வெச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு துடைங்க, ஆரஞ்சா பதிஞ்சிருந்தா ரெடி. பகுதி பகுதியா வகிடு எடுத்து வேர்ல நல்லா கனமா அப்பி, ஷவர் கேப் மாட்டி மூணு நாலு மணி நேரம் விடுங்க. வெறும் தண்ணில அலசுங்க, ஷாம்பூ கூடாது. இப்ப கண்ணாடில ஆரஞ்சா தெரியும், பயப்படாதீங்க.

அதே நாளோ மறுநாளோ அவுரி. கை பொறுக்கிற சூட்டுல தண்ணி, கொதிக்கிற தண்ணி வேண்டாம், என்சைம் செத்துடும். ஒரு சிட்டிகை உப்பு போடறவங்க போடுவாங்க, போடலாம். கலக்கி பத்து பதினைஞ்சு நிமிஷம் மூடி வெச்சா மேல ஒரு நீலப் படலம் ஓடும், வாசனை வேகவெச்ச பட்டாணி மாதிரி பச்சையா அடிக்கும், அப்பவே எடுத்து மளமளன்னு போட்டு முடிச்சுடணும், சீரியல் பார்த்துக்கிட்டே போடற வேலை இல்ல இது. அரை மணி நேரத்துக்கு மேல கிண்ணத்துல கிடந்தா வீக் ஆயிடும், அதனால நீள முடிக்காரங்க ரெண்டு தவணையா கலக்குங்க. ஒண்ணு ரெண்டு மணி நேரம் விட்டு வெறும் தண்ணில அலசுங்க. கிளவுஸ் கட்டாயம், இல்லேன்னா நகம் நீலமா ஆஃபீஸ் போகணும். அலசின உடனே பச்சை கலந்த கருப்பா தெரியலாம், ரெண்டு நாள்ல காத்துபட்டு செட் ஆகும், அதுவரைக்கும் ஷாம்பூ தொடாதீங்க. காதோரம், நெத்தியோரம் இருக்கிற நரை பிடிவாதம் பிடிச்ச நரை, அங்க மட்டும் அவுரியை இன்னொரு தடவை போட வேண்டி வரும்.

கோவில்பட்டி வாசகி: நீங்க சொல்ற மாதிரி மருதாணி முடிச்சு அவுரி போட்டேன் மேடம், நாட்டு மருந்துக் கடையில வாங்கின பொடி. கால் வாசி கூட கருக்கல, அப்படியே ஆரஞ்சுதான். நீலப் படலமும் வரல.

நீங்க எழுதின ஊரைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துச்சு. உங்க பக்கம் தூத்துக்குடி, திருநெல்வேலில அவுரின்னு கேட்டா பேதி மருந்துக்கு போற நிலாவரையை எடுத்துக் கொடுக்கற கடை நிறைய இருக்கு, அதான் திருநெல்வேலி சென்னான்னு வெளிநாட்டுக்கு மூட்டை மூட்டையா போகுதே, அது. அதுவும் பச்சைப் பொடி, இதுவும் பச்சைப் பொடி, பார்த்தா வித்தியாசம் தெரியாது. சென்னா தலைக்குப் போட்டா கெடுதல் இல்ல, முடி கொஞ்சம் தடிமனா பளபளன்னு இருக்கும், ஆனா கருப்பு வரவே வராது. அடுத்த தடவை நீலி அவுரி, இல்லேன்னா இண்டிகோன்னு கேட்டு வாங்குங்க. நம்ம மாநிலத்துல திண்டிவனம் பக்கம் இன்னும் நீலச் சாயத்துக்குன்னே பயிர் பண்றாங்க. காந்தி 1917ல சம்பாரண்ல விவசாயிங்களுக்காக போய் நின்னாரே, அவங்க கட்டாயமா பயிர் பண்ண வேண்டி இருந்ததும் இதே குடும்பத்துச் செடிதான்.

வாங்கினதும் வீட்ல டெஸ்ட் பண்ணிடுங்க. ஒரு ஸ்பூன் பொடியில வெதுவெதுப்பான தண்ணி விட்டு குழைச்சு பத்து நிமிஷம் கழிச்சு ஒரு வெள்ளைத் துணியில தடவி வையுங்க. பச்சையா இருக்கிற ஓரம் கொஞ்ச நேரத்துல நீலமா திரும்பினா சரியான சரக்கு. மஞ்சப் பச்சையாவே காய்ஞ்சா அது சென்னா, இல்லேன்னா வருஷக்கணக்கா டப்பால கிடந்த பழைய சரக்கு. மருதாணிப் பொடிக்கும் இதே கதைதான், ராஜஸ்தான்ல பாலி மாவட்டத்துல சோஜத்னு ஒரு ஊர், நாட்டுல விக்கிற மருதாணில பெரும்பகுதி அங்கேருந்துதான் வருது, 2021ல புவிசார் குறியீடும் வாங்கிட்டாங்க. பாக்கெட்ல சோஜத்னு இருந்தா மட்டும் போதாது, எப்ப அரைச்சதுன்னு தேதி பாருங்க. ரொம்ப கிளிப்பச்சையா பளிச்சுனு இருந்தா வாங்காதீங்க, பச்சை கலர் கலந்திருப்பாங்க, நல்ல பொடி கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும்.

சேலம் வாசகி: "பிளாக் ஹென்னா, 100% ஹெர்பல்"னு போட்ட பாக்கெட் வாங்கி போட்டேன். அரை மணி நேரத்துல சூப்பரா கருப்பாச்சு. மறுநாள் நெத்தி, காது பின்னாடி எல்லாம் அரிப்பு, மூணாவது நாள் கண்ணிமை வீங்கிடுச்சு. மருதாணி எனக்கு ஒத்துக்கலயா?

மருதாணி மேல பழி போடாதீங்க. மருதாணில கருப்பே கிடையாது. அரை மணி நேரத்துல ஒரு பாக்கெட் கருப்பு கொடுக்குதுன்னா அதுல பிபிடி, அதாவது பாரா பினைலீன்டையமின்ங்கிற ஹேர் டை கெமிக்கல் இருக்குன்னு தொண்ணூறு சதவீதம் எடுத்துக்கலாம். பாக்கெட்டைத் திருப்பி பின்பக்கம் பாருங்க, முன்னாடி இலை படம் எவ்ளோ பெருசா இருக்கோ அவ்ளோ சின்ன எழுத்துல பின்னாடி எழுதியிருப்பாங்க, கூடவே பேரியம் பெராக்சைடும் இருக்கும். ஐரோப்பாவுல கலந்தப்புறம் தலைக்குப் போற பிபிடி 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு விதி வெச்சிருக்காங்க. நம்ம ஊர்லயும் ஹேர் டை டப்பால எச்சரிக்கை போட்டிருக்கணும், புருவத்துக்கும் இமைக்கும் போடக்கூடாதுன்னு அதுலயே இருக்கும், யார் படிக்கிறோம். எனக்கு கோபம் வர்றது பிபிடி மேல இல்ல, அதைப் போட்டுட்டு "ஹெர்பல்"னு பெருசா எழுதறதுலதான். டைன்னு சொல்லி வித்தா வாங்கறவங்க தெரிஞ்சு வாங்குவாங்க இல்ல.

இப்ப நீங்க செய்ய வேண்டியது தோல் டாக்டரைப் பார்க்கறது, பாக்கெட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க. மூச்சு வாங்கினாலோ முகம் பூரா வீங்கினாலோ காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. இந்த அலர்ஜி ஒரு தடவை வந்துட்டா உடம்பு மறக்காது, அடுத்த தடவை சீக்கிரமாவும் அதிகமாவும் வரும். கல்யாண வீட்டுல கைக்குப் போடற கருப்பு கோன் மெஹந்திலயும் இதே சரக்கு இருக்கறதுண்டு, அதையும் விட்டுடுங்க. முழுசா ஆறினப்புறம் டாக்டர் சரின்னா சுத்தமான மருதாணியும் அவுரியும் முயற்சி பண்ணலாம், அதுக்கும் முன்னாடி முழங்கை மடிப்புல கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பார்த்துடணும். செடியாச்சேன்னு யாருக்கும் அலர்ஜி வராதுன்னு இல்ல, அபூர்வம், அவ்ளோதான்.

யாழ்ப்பாண வாசகி: அக்கா, எங்கட வளவில மருதோன்றி மரம் நிக்குது. கடையில பொடி வாங்காமல் அந்த இலையையே அரைச்சுப் போடலாமோ? எனக்கு கன கறுப்பு வேண்டாம், மண்ணிறமா இருந்தால் காணும்.

வீட்டுலயே மரம் இருக்கா, கொடுத்து வெச்சவங்க. பச்சை இலையை அப்படியே அரைச்சா அதுல தண்ணி அதிகம், சாயத்தோட அடர்த்தி குறைவு, நாரும் தோலும் முடிக்குள்ள சிக்கி அலசி எடுக்கறதுக்குள்ள கை ஓஞ்சுடும். கைக்கு அது ஓகே, தலைக்கு காயவெச்ச பொடிதான் நல்லது. இளம் இலையா பறிச்சு நிழல்ல, வீட்டுக்குள்ளயே காயப்போடுங்க, வெயில்ல போட்டா சத்து போயிடும். கையில நொறுங்கற அளவு காய்ஞ்சதும் மிக்ஸில அரைச்சு பழைய வேட்டித் துணில சலிங்க, சல்லடை பத்தாது. காத்துப்புகாத டப்பால இருட்டுல வெச்சா ஒரு வருஷம் தாராளமா வரும்.

மண்ணிறத்துக்கு ரெண்டு வேலை வேண்டாம், ஒரே தடவைல முடிச்சுடலாம். மருதாணியை எலுமிச்சை போடாம தண்ணில ஊறவெச்சு ரெடியானப்புறம், தலைக்குப் போடறதுக்கு கால் மணி நேரம் முன்னாடி மட்டும் அவுரியைத் தனியா கலக்கி, கடைசில ரெண்டையும் சேருங்க. ரெண்டும் சரிபாதின்னா நடுத்தரமான பழுப்பு, அவுரி ரெண்டு பங்குன்னா காப்பிக்கொட்டை கலர், மருதாணி ரெண்டு பங்குன்னா செம்பட்டை கலந்த பழுப்பு. வெத்தலைக்குப் போடற காசுக்கட்டி கிடைச்சா ஒரு ஸ்பூன் பொடிச்சு மருதாணியோட சேர்த்து ஊறவையுங்க, அந்தச் சிவப்பு கொஞ்சம் அடங்கும். முதல்ல சீப்புல வந்த முடியைச் சேர்த்து வெச்சு அதுல போட்டுப் பார்த்துடுங்க, உங்க நரைக்கு எந்த அளவுன்னு அதுலயே தெரிஞ்சுடும்.

குன்னூர் வாசகி: மருதாணி போட்டாலே ஜலதோஷம் பிடிச்சுக்குது, சைனஸ் வேற. வேற வழி இருக்கா?

ஈரப் பேஸ்ட்டோட நாலு மணி நேரம் உங்க ஊர் குளிர்ல உட்கார்ந்தா யாருக்கும் பிடிக்கும். மதியம் வெயில் இருக்கும்போது போடுங்க, பேஸ்ட்டை வெந்நீர் பாத்திரத்துக்குள்ள வெச்சு வெதுவெதுப்பாக்கிட்டு போடுங்க, ஷவர் கேப்புக்கு மேல டவல் சுத்துங்க, சூடு இருந்தா சாயமும் நல்லா பிடிக்கும். அலசறதும் வெந்நீர்தான். மொத்த தலைக்கும் வேண்டாம், நரை தெரியற இடத்துக்கு மட்டும் போட்டா ஈரம் பாதியாயிடும்.

வேளச்சேரி வாசகி: மாசா மாசம் மருதாணி போடறேன். கலர் நல்லாருக்கு, ஆனா முடி தேங்காய் நார் மாதிரி ஆயிடுச்சு. நுனி பாதி சிவப்பு, பாதி கருப்பு.

மாசா மாசம் வேர்லேருந்து நுனி வரைக்கும் போடறீங்கன்னு நினைக்கிறேன். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும், புதுசா வந்த நரை அந்த ஒரு சென்டிமீட்டர்தான். அதுக்கு மட்டும் போட்டா போதும், நுனிக்கு ஏற்கெனவே போன மாசச் சாயம், அதுக்கு முந்தின மாசச் சாயம்னு அடுக்கடுக்கா ஏறி இருக்கு, அதனாலதான் கலரும் ஒரே மாதிரி இல்ல, விறைப்பும் வந்துடுச்சு. எலுமிச்சை போடறதா இருந்தா நிறுத்துங்க, புளிப்பு வேணும்னா நெல்லிக்காய்ப் பொடி கொஞ்சம் போதும். போர் தண்ணில கலக்காதீங்க, அதுல இருக்கிற உப்பும் இரும்பும் முடியை மங்கலாக்கும், குடிக்கற கேன் தண்ணி எடுத்துக்கோங்க, கடைசி அலசலுக்கும் ரெண்டு சொம்பு அதுலயே ஊத்திக்கோங்க. மறுநாள் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிடுங்க. செம்பருத்தி இலையை கசக்கி வர்ற வழவழப்பை வாரம் ஒரு தடவை நுனிக்குப் போட்டா சீப்பு இறங்கும். ரொம்ப மோசமா இருக்கிற நுனியை வெட்டிடுங்க, வேற மருந்து இல்ல.

கரூர், பிளஸ் டூ மாணவி: எனக்கு இப்பவே நரை. கரிசலாங்கண்ணி போட்டா கருப்பாயிடும்னு பாட்டி சொல்றாங்க. உண்மையா அக்கா?

கரிசலாங்கண்ணித் தண்டைக் கிள்ளினா கிள்ளின இடம் கருக்கும், அதைப் பார்த்துத்தான் அந்த நம்பிக்கை. எண்ணெய்ல காய்ச்சி தேய்ச்சுக்கோம்மா, நல்லதுதான், ஆனா வெளுத்த முடியை அது கருப்பாக்காது. இந்த வயசுல நரைக்கு அப்பா அம்மா பரம்பரை பெரும்பாலும் காரணம், இருந்தாலும் பி12, தைராய்டு, இரும்புச்சத்து ஒரு தடவை பிளட் டெஸ்ட் பார்த்துடச் சொல்லு, குறை இருந்தா டாக்டர் பார்த்துப்பாங்க. பத்து இருபது முடிதான்னா இப்போதைக்கு எதுவும் போடாத. பரீட்சை சமயத்துல நாலு மணி நேரம் தலைல மண்ணை அப்பிட்டு உட்கார்ந்திருக்கணுமா என்ன.

ஓசூர் வாசகி: கலக்கினது மிஞ்சிடுச்சு, ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா? பார்லர்ல கலர் பண்ண முடி மேல போடலாமா?

மருதாணி பேஸ்ட்டை ஃப்ரீசர்ல வைக்கலாம், மாசக்கணக்குல இருக்கும். அவுரியைத் தூக்கி செடிக்குப் போடுங்க. பார்லர் கலர் மேல சுத்தமான மருதாணியும் அவுரியும் போடலாம், பிரச்சினை இல்ல. திருப்பி பிளீச் பண்ற ஐடியா இருந்தா மட்டும் அவுரி போடாதீங்க, பிளீச் பட்டா பச்சை அடிக்கும், அந்தப் பச்சையை எடுக்கறதுக்கு பார்லர்ல அழ வேண்டி வரும்.

மதுரை வாசகர்: ஆம்பளைங்க கேக்கலாமா மேடம்? மீசை தாடிக்கு டை போட்டா எரியுது. மருதாணி அவுரி மீசைக்கு பிடிக்குமா?

தாராளமா கேளுங்க சார், வீட்டம்மா கலக்கினதுல நைசா எடுத்துப் போட்டுக்கறவங்க எத்தனையோ பேர். மீசை முடி தலைமுடியை விட முரடு, அதனால ரெண்டு வேலையாத்தான் செய்யணும், மருதாணி ரெண்டு மணி நேரம், அவுரி ஒரு மணி நேரம். ரெண்டு ஸ்பூன் பொடி போதும். முன்னாடி சோப்பு போட்டு மீசையைக் கழுவிடுங்க, சுத்தி இருக்கிற தோல்ல மட்டும் வாசலின் தடவுங்க, முடில பட்டுட்டா கலர் ஏறாது. பழைய டூத் பிரஷ்ல போடுங்க. டை எரியுதுன்னு சொல்றீங்க, அதை அப்படியே நிறுத்திடுங்க, மேல சேலம் வாசகிக்கு எழுதினதையும் படிங்க. இதுக்கும் முழங்கைல தடவி ரெண்டு நாள் பார்த்துட்டுத்தான் முகத்துக்குப் போகணும். சனிக்கிழமை சாயங்காலம் வெச்சுக்கோங்க, தோல்ல ஒட்டின நீலம் ஞாயித்துக்கிழமை ஒரு நாள் முகம் கழுவறதுல போயிடும்.